இடிப்பு மரக்கடை ஜன்னல், பவானி ஜமக்காளம், மில் பாபின்: குறைந்த செலவில் ஓர் ஆசாரம்

பழைய பொருளை வைத்து வீட்டை அழகுபடுத்த நினைக்கிறவர்கள் முதலில் பெயின்டுக்கும் பாலிஷுக்கும்தான் பணம் ஒதுக்குகிறார்கள். அங்கே செலவு குறைவாக இருப்பதே நல்லது. மூட்டு உறுதியாக இருக்கிறதா, மரம் காய்ந்திருக்கிறதா, அதன் எடையைச் சுவர் தாங்குமா என்ற மூன்றையும் கவனித்துவிட்டால் மேல்பூச்சு பாதி வேலைதான். இவற்றை விட்டுவிட்டு எத்தனை கோட் அடித்தாலும் ஒரு வருடத்தில் பொருள் பரண் ஏறிவிடும்.

பத்துக்குப் பதினான்கு அடி ஆசாரம் (வீட்டின் முன் கூடம்) ஒன்றை இந்த வழியில் முடிப்பதற்கான குறிப்புகள் இவை. ஒரு சோடி ஜன்னல் கதவு முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகிறது. கிழிந்த ஜமக்காளம் பெஞ்சு மெத்தைக்கு உறையாகிறது. மில் பாபின் (நூல் சுற்றும் மரக்குழல்) விளக்காகவும், தறி நாடா (தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் மரக்கட்டை) துணி மாட்டும் பலகையாகவும் மாறுகின்றன. ஓர் அறைக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் சேர்த்தால் அறை பழைய சாமான் கடையாகிவிடும்.

வாங்கும் இடத்தில்

நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடுகள் இடிபட இடிபட, அவற்றின் நிலை, கதவு, ஜன்னல், தூண், விட்டம் எல்லாம் இடிப்பு மரக்கடைகளுக்கு வந்து சேர்கின்றன. இரும்புச் சாமானுக்குக் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. சட்டங்களைக் கன அடிக் கணக்கிலும், கதவு ஜன்னலைச் சோடிக் கணக்கிலும், இரும்பு பித்தளையைக் கிலோக் கணக்கிலும் விற்பார்கள். கன அடிக் கணக்கை நாமே போடத் தெரிந்திருக்க வேண்டும். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 4 அங்குலத்துக்கு 3 அங்குலம், 7 அடி நீளச் சட்டம் என்றால் 84-ஐ 144-ஆல் வகுத்து 0.58 கன அடி. காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். எடையை இப்படி மனதிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

ஜன்னலை நிலையோடு வாங்கிச் சுவரில் மாட்ட ஆசைப்பட வேண்டாம். மூன்றுக்கு நான்கு அடி நிலையில் மொத்தம் 14 அடி சட்டம் இருக்கிறது. 4-க்கு 3 அங்குலக் கனத்தில் அது 1.17 கன அடி, அதாவது 21 கிலோ. இரும்புக் கம்பியும் சேர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும். அதைத் தரையில் நிறுத்திச் சாய்த்து வைக்கலாம், தொங்கவிடக் கூடாது. மாட்டுவதற்கு ஏற்றவை கதவுகள் மட்டும்தான்.

மரத்தைப் பார்க்கும்போது ஓரத்தைப் பாருங்கள். நடுவில் வைரம் பாய்ந்திருந்தாலும் ஓரத்தில் வெளிர் நிறத்தில் வெள்ளை ஓடியிருந்தால் உளுப் பூச்சி அங்கேதான் நுழையும். ஓட்டை இருப்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, பழைய ஓட்டையாக இருக்கலாம். உளியின் பிடியால் தட்டினால் மாவு போலப் புதுத் தூள் கொட்டுகிறதா என்பதே கேள்வி. சந்தேகமாக இருந்தால் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) கறுப்புத் துணி விரித்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். துணியில் தூள் சேர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றி, பாலித்தீன் சுற்றிச் சில நாள் மூடி வைக்க வேண்டும். மருந்து டப்பாவில் எழுதியிருக்கும் அளவை மீறக் கூடாது, கையுறை கட்டாயம்.

தேக்கு என்று சொல்லி வாகையைத் தருவதும் உண்டு. வாகை நல்ல மரம்தான், விலை மட்டும் வேறாக இருக்க வேண்டும். அதை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் தூள் மூக்கில் ஏறித் தும்மல் நிற்காது. முகக்கவசம் இல்லாமல் தொட வேண்டாம்.

பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கத்து ஈரக் காற்றில் இருந்த மரத்தைக் கரூர், காங்கேயம் மாதிரி வறண்ட ஊருக்குக் கொண்டுவந்தால் அது சுருங்கும். வந்த அன்றே கண்ணாடி பொருத்தினால் சட்டம் இறுகிக் கண்ணாடி விரிசல் விடும். இரண்டு மூன்று வாரம் நிழலில், தரை படாமல், கட்டை கொடுத்து அடுக்கி வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

ஜன்னல் கதவிலிருந்து கண்ணாடி

எடுத்துக்காட்டாக ஒரு சோடி. ஒவ்வொரு கதவும் 15 அங்குல அகலம், 48 அங்குல உயரம். சட்டம் மூன்றரை அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலக் கனமும் கொண்டது, உள்ளே இரண்டிரண்டு பலகைகள். பலகையை எடுத்த பிறகு சட்டம் மட்டும் சுமார் 11 கிலோ.

முதலில் பழைய பெயின்ட். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இடிப்பு வீட்டு ஜன்னலில் இருக்கும் பச்சையும் நீலமும் அதற்கு வெகு முன்பு அடித்தவை. ஆகவே ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, தீயில் வாட்டவும் கூடாது. பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி 20 நிமிடம் விட்டு, பட்டித் தகட்டால் இழையோட்டத்தின் திசையில் வழிக்க வேண்டும். ஐந்தாறு கோட் ஏறியிருக்கும் மரத்தில் இரண்டாம் முறையும் பூச வேண்டி வரும். மீதியை வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்க்கலாம். வழித்த பெயின்டை வாசலில் கழுவிவிட்டால் கோழி கொத்தும், குழந்தை தொடும். பழைய தாளில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். காற்றோட்டமான இடம், என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை மூன்றும் வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். பெயின்ட் உரிந்துவிடும், ஆனால் தேக்கு கறுத்துப்போகும், மூட்டில் இருக்கும் பழைய பசையும் விட்டுவிடும். அந்த வழி வேண்டாம்.

பெயின்ட் போன பிறகுதான் மூட்டின் உண்மை நிலை தெரியும். கதவை மூலைவிட்டமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால், குறுக்குச்சட்டத்தின் நாக்கு நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே இரும்பு ஆணி அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காய்ந்த சட்டம் பிளந்துவிடும், ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறையும் படரும். பழைய மர ஆணியை மெல்லிய கம்பியால் பின்னாலிருந்து தட்டி வெளியே எடுங்கள். மூட்டைச் சற்றுத் திறந்து, உள்ளே இருக்கும் பழைய பசையைச் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, துடைக்காவிட்டால் ஃபெவிகால் பிடிக்காது. பசை தடவி, மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவா என்று டேப்பில் பார்த்து, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விட வேண்டும். பிறகு முற்றிய மூங்கிலைச் சீவிப் புது ஆணி அடித்தால் போதும். கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றைச் சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்கலாம், அதே இறுக்கம் கிடைக்கும்.

அடுத்தது பலகை. சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், அது பசையில்லாமல் நிற்கிறது. பின்பக்கக் காடி உதட்டை மட்டும் உளியால் செதுக்கி எடுத்தால் பலகை கையோடு வரும். அதே இடம் கண்ணாடி உட்காருவதற்கான படி (சிறு விளிம்பு) ஆகிவிடும். முன்பக்கத்தைத் தொடாதீர்கள், பழைய ஆசாரி இழைத்த அந்த விளிம்புதான் ஜன்னலின் அழகு. எடுத்த பலகைகளை எறிய வேண்டாம், நாடாப் பலகைக்குப் பயன்படும்.

எண்ணெய் பூசும் வேலை கண்ணாடிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். 120, 180 எண் உப்புத்தாளில் இழையோட்டத்தில் தேய்த்தால் போதும், அதற்கு மேல் மழமழவென்று ஆக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. உளித் தடம், கொண்டி தேய்ந்த பள்ளம், கம்பி உராய்ந்த கோடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டால் புதுக் கடை மரத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

காங்கேயத்தைச் சுற்றிலும் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, அதைத்தான் மரத்துக்கும் தேய்க்கிறார்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்து படலமாகாது. பிசுபிசுப்பு நிற்கும், தூசி ஒட்டும், நாளடைவில் சிக்கு வாடை வரும். இதற்கு வேண்டியது பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். கால் லிட்டர் எண்ணெயும் கால் லிட்டர் டர்பன்டைனும் இந்தச் சோடிக்குத் தாராளம். முதல் கோட்டைச் சரிபாதி கலந்து பூசி, 20 நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்து எடுத்து, ஒரு நாள் காய விடுங்கள். அடுத்த இரண்டு கோட்டில் டர்பன்டைனைக் குறைத்துக்கொள்ளலாம். துடைக்காமல் விட்ட இடம் பல நாள் கழிந்தும் ஒட்டும்.

துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைவிட நல்ல துணி கிடையாது, கிலோக் கணக்கில் கிடைக்கும், நூல் பிரியாது. ஆனால் ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், குவியலுக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியைத் தனித்தனியாகக் கொடியில் விரியுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். வீடு எரிந்துபோகும் அளவுக்கு ஆபத்தானது இது.

ஆனி, ஆடியில் திறந்த வெளியில் எண்ணெய் பூச வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணையும் சருகையும் கொண்டுவந்து ஈர மரத்தில் ஒட்டிவிடும். சன்னலைச் சற்றுத் திறந்து வைத்த அறையே போதும்.

கண்ணாடி 4 மி.மீ. கனத்தில் இருக்கட்டும், சதுர மீட்டருக்கு 10 கிலோ. இந்தச் சோடியின் நான்கு இடைவெளிக்கும் சேர்த்து நாலு கிலோவுக்குச் சற்று மேல் வரும். படியின் உள்ளளவைவிட அகலம், உயரம் இரண்டிலும் 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். நான்கு இடைவெளியையும் தனித்தனியே அளந்து எண் போட்டுக் கொடுக்க வேண்டும், பழைய ஜன்னலில் நான்கும் ஒரே அளவாக இருக்காது. ஒட்டுவதற்கு வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் ஆகாது, அதிலிருந்து வரும் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். நியூட்ரல் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள். மூலைக்கு ஒரு பொட்டு வைத்து, பின்னால் மெல்லிய மரப் பட்டையைச் சிறு ஸ்க்ரூவால் பிடித்தால் போதும். நாளை ஒன்று உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இரண்டு கதவையும் பின்புறம் 12 அங்குல இரும்புப் பட்டை இரண்டால் இணையுங்கள்.

மொத்தம் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கம்பி கட்டி ஓர் ஆணியில் தொங்கவிடும் எடையல்ல இது. 24 அங்குல நீளம், முக்கால் அங்குலக் கனம், 6 அங்குல அகலப் பலகை ஒன்றை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்தால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்றின் சாய்வு மேலே, சுவரைப் பார்த்து இருக்கும்படி சுவரில் பிடியுங்கள். மற்றதைச் சட்டத்தின் பின்னால், சாய்வு கீழ்நோக்கி வரும்படி பொருத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று கொக்கி போட்டு உட்காரும், எடை நான்கு ஸ்க்ரூவிலும் பரவும். செங்கல் சுவரில் 8 மி.மீ. பிளக், இரண்டரை அங்குல ஸ்க்ரூ நான்கு. பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும், பிளக் அதைத் தாண்டிச் செங்கலுக்குள் போக வேண்டும். துளையிடும்போது சிவப்புத் தூள் வந்தால் செங்கல், சாம்பல் தூளாகவே கொட்டினால் சாந்து இடுக்கு. சாந்தில் பிடித்தால் நிற்காது, ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஹாலோ பிளாக் என்றால் உள்ளே விரியும் டாகிள் போல்ட் வேண்டும். மண்சுவரிலும் சுண்ணாம்புச் சுவரிலும் மாட்டவே வேண்டாம், தரையில் ரப்பர் வைத்துச் சாய்த்து மேலே மட்டும் ஒரு கொக்கியில் கட்டுங்கள். துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டிலும் சாய்த்து வைப்பதுதான், மேலே கட்டுவதை மட்டும் ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளலாம்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சுவர்ப் பட்டையில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டைக் கயிறு கட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். நாற்பது கிலோ தாங்கினால் பதினெட்டைப் பற்றிக் கவலையில்லை.

ஜமக்காள மெத்தை

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும். பழையது கிடைத்தால் பெரும்பாலும் நடுவில் தேய்ந்து, இரு ஓரமும் நன்றாக இருக்கும். அந்த ஓரங்களே போதும். முழுசாகக் கிழியாமல் கிடைத்தால் வெட்டாதீர்கள், விரித்தே பயன்படுத்துங்கள். வெட்டத்தான் வேண்டுமென்று நல்ல ஜமக்காளத்தை வாங்குவதைவிட, பவானியில் புதுசாகச் சிறியது ஒன்று வாங்கினால் நெசவாளருக்குக் கூலியாவது போய்ச் சேரும்.

முதலில் சாயம். சோப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியைச் சிவப்புப் பட்டையில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் அதை ஊற வைக்கக் கூடாது. உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. குளிர்ந்த நீரில் விரைவாக அலசி, பிழியாமல், நிழலில் தட்டையாக விரித்துக் காய வையுங்கள். நனைந்த ஜமக்காளத்தைக் கொடியில் போட்டால் தன் கனத்திலேயே இழுபட்டுக் கோணலாகும்.

மெத்தை 18-க்கு 48 அங்குலம், 2 அங்குலக் கனம், 40 டென்சிட்டி ஃபோம். அதைவிட டென்சிட்டி குறைந்தது சீக்கிரம் பள்ளம் விழும். மேலுறைக்கு 21-க்கு 51 அங்குலம் வெட்ட வேண்டும், பக்கவாட்டில் பாதிக் கனமும் தையலுக்கு அரை அங்குலமும் அதில் அடக்கம். கத்தரி வைப்பதற்கு முன், வெட்டுக் கோட்டின் இருபுறமும் நெருக்கமாக இரண்டு ஓட்டுத் தையல் போட்டுவிட வேண்டும். வெட்டிவிட்டுத் தைக்கப் போனால் ஊடை நூல் கையோடு உருவிக்கொண்டு வரும், அளவு போய்விடும். 18-ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 4 மி.மீ. வீட்டுத் தையல் மிஷின் நான்கு மடிப்புச் சேரும் மூலையில் திணறும், அங்கே மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அடிப்பக்கத்துக்கு ஈரோட்டுக் காடாத் துணி போதும், ஆனால் அதை ஒருமுறை துவைத்துச் சுருங்க விட்ட பிறகே வெட்ட வேண்டும். ஜிப் நீளவாக்கில், பின்பக்கம் வரட்டும்.

பாபினும் நாடாவும்

கோவையில் 1888-இல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து மரப் பாபின்கள் இந்த ஊர்களில் லட்சக்கணக்கில் ஓடியிருக்கின்றன. பிளாஸ்டிக் வந்த பிறகு அவை பழைய சாமானாகிவிட்டன. பல வருடம் மிஷின் எண்ணெய் குடித்த மரம் என்பதால் எந்தப் பூச்சும் நேரடியாகப் பிடிக்காது. மண்ணெண்ணெயில் துடைத்து, சலவை சோடா கலந்த வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் நீளவாக்கில் வெடிக்கும்.

12 அங்குல ரோவிங் பாபின் (நூற்கும் முன் பஞ்சுத் திரியைச் சுற்றும் பாபின்) விளக்குத் தண்டுக்குச் சரியான உயரம், நடுத் துளை வழியாகவே வயர் போய்விடும். அடிக்கட்டை 8 அங்குலச் சதுரம், ஒன்றரை அங்குலக் கனம். விளக்கின் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அடி அகலம் இருந்தால் கை பட்டாலும் கவிழாது. வயர் 0.75 சதுர மி.மீ., ஹோல்டர் பேக்கலைட். பித்தளை ஹோல்டர் அழகாக இருக்கும், ஆனால் அதற்கு மூன்று கம்பி வயரும் எர்த் இணைப்பும் கட்டாயம். வயர் வெளியேறும் இடத்தில் கிளிப் போட்டு இறுக்குங்கள், இழுத்தால் இழுவிசை ஹோல்டர் ஸ்க்ரூவுக்குப் போகக் கூடாது. பல்பு 9 வாட் எல்இடிக்கு மேல் வேண்டாம். குண்டு பல்பின் சூட்டில் எண்ணெய் ஊறிய மரம் பாதுகாப்பில்லை.

நாடா கெட்டி மரம், நேராக ஸ்க்ரூ ஏற்றினால் பிளக்கும். 3 மி.மீ. துளை போட்டுக்கொண்டு, எடுத்து வைத்த ஜன்னல் பலகையில் பின்னாலிருந்து இரண்டு ஸ்க்ரூ. இரும்பு முனைகள் கூராக இருக்கும், அரத்தால் மழுக்கிவிடுங்கள். குழந்தைகளின் கண் உயரத்தில் மாட்ட வேண்டாம்.

மற்றவை

பித்தளை அண்டாவையும் குத்துப்போணியையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தவுடன் கழுவிவிட வேண்டும். புளியைப் பூசி இரவெல்லாம் விட்டால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். செடி வைப்பதென்றால் உள்ளே பிளாஸ்டிக் தொட்டியை இறக்குங்கள், உரத் தண்ணீர் பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கும். ஊறுகாய் ஜாடி வெளியில் உப்புப் பூத்தால் தினமும் தண்ணீர் மாற்றிப் பல நாள் ஊற வைத்த பிறகே மர அலமாரியில் வைக்கலாம்.

ஆட்டுக்கல்லும் உரலும் வாசலுக்குத்தான் பொருத்தம், மாடி பால்கனிக்கு ஏற்றாதீர்கள். செடிக்காக அடியில் துளை போட 12 மி.மீ. கல் பிட் வேண்டும். கடைசி ஓர் அங்குலத்தில் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் அடிப்புறம் சில்லாகப் பெயரும். துளையில்லாமல் குருவிக்குத் தண்ணீர் வைத்தால் வாரம் இருமுறை முழுக்க இறைத்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். டெங்கு கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே கல்லோடு ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றுவதால் மட்டும் அது போகாது.